அதாவதுக்குப் பின் வந்த வரி

அந்த வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது பலகைகளைத்தான். கூடத்துச் சுவர் முழுக்க ஒரே அளவில், ஒரே நிறத்தில், பித்தளைத் தகடு பதித்த மரப்பலகைகள். ஒவ்வொன்றிலும் நகத்தளவுக்கு ஒரு சிலிக்கான் சில்லு ஒட்டியிருக்கும். அதன் கீழே காப்புரிமை எண், யாருக்கும் புரியாத ஒரு தலைப்பு, கண்டுபிடித்தவர்களின் பெயர்கள். வீட்டுக்காரரின் பெயர் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரும். ஒரு பலகையில் கடைசியில் வந்து, இடம் போதாமல் எழுத்து சிறுத்துப் போயிருந்தது. அதை மட்டும் ஜன்னல் திரைக்குப் பின்னால் மாட்டியிருந்தார்.

"ஒரு கடிகாரம் மாட்ட இடம் கேட்டேன். கல்யாணம் ஆனதிலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன்," என்று அவர் மனைவி வருகிறவர்களிடம் சொல்வார். "மணி தெரியணும்னா அடுப்படிக்குப் போய் மைக்ரோவேவைப் பார்க்கணும்."

அலுவலகத்தில் அவருக்கு 'அதாவது' என்று பெயர். முகத்துக்கு நேரே 'சார்', முதுகு திரும்பியதும் 'அதாவது'. எதைச் சொன்னாலும் ஒரு முறை சொல்லி நிறுத்தத் தெரியாதவர். "அதாவது" என்று மறுபடி தொடங்கி, முதலில் சொன்னதைவிடக் கடினமாக இன்னொரு தரம் சொல்வார். மழை வரும் போலிருக்கிறது என்பார், கேட்டவர் தலையாட்டுவார், விட மாட்டார், "அதாவது, காற்றழுத்தம் இருக்கு பாருங்க" என்று ஆரம்பித்து, மழை பெய்து ஓயும் வரை விளக்குவார். எளிதாக இருப்பதை வாங்கிக் கடினமாக்கித் திருப்பிக் கொடுப்பது ஒரு தொழில். அதற்குச் சம்பளம் உண்டு, ஓய்வூதியம் உண்டு, பித்தளைத் தகடும் உண்டு என்பதற்கு இந்தச் சுவரே சாட்சி.

இவருடைய அப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். நகரத்தில் பாதிக் கடைகளின் நெற்றியில் அடுத்தவர் பெயரை ஆளுயரத்துக்கு எழுதிவிட்டு, தன் பெயரை மட்டும் வலது மூலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி போடுவார். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற மகனுக்கு அந்த எறும்பு மனதிலேயே தங்கிவிட்டது. பெரியவனானதும் தன் பெயரை நடுவில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று அப்போதே தீர்மானித்தாராம். அதற்கு எதையாவது செய்ய வேண்டும் என்ற இரண்டாவது தீர்மானத்தை அவர் எடுத்ததாகத் தகவல் இல்லை.

படிப்பு நன்றாக வந்தது. அதில் குறை சொல்ல முடியாது, சொல்ல ஆசையாக இருந்தாலும். மருத்துவக் கருவிகளுக்குள் வைக்கும் சிப்புகளைச் செய்கிற ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். விரலைக் கவ்விக்கொண்டு ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கும் கருவி, காதுக்குள் வைக்கும் கருவி, நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் பட்டை, இவற்றின் வயிற்றுக்குள் இருக்கும் சில்லுகள். அந்த நிறுவனத்தில் ஒரு விதி: கண்டுபிடிப்பின் ஏதாவது ஒரு கூறுக்கு யோசனை கொடுத்தவர் பெயரும் காப்புரிமையில் சேரும். நம்மவர் விதியைப் படித்தார். படித்த அன்றிலிருந்து எந்தக் கூட்டத்திலிருந்தும் எழுந்து போவதை நிறுத்திவிட்டார்.

அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது. பயிற்சிக்கு வந்த ஒரு இளைஞன் ஒரு நாள் வெள்ளைப் பலகையில் விரல் கருவிக்கான புதிய அமைப்பு ஒன்றை வரைந்தான். ஒளியை வாங்கும் சென்சார் ஒன்றை நடுவில் வைத்தான். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். மூலையிலிருந்து குரல் வந்தது.

"ஏன் ஒன்று?"

"ஒன்று போதும் சார்."

"போதும்தான். ஆனா 'ஒரு சென்சார்'னு எழுதினா, போட்டிக்காரன் ரெண்டு வெச்சுட்டு, இது வேறன்னு சொல்லிடுவான். 'குறைந்தபட்சம் ஒரு சென்சார்'னு எழுதணும். அதாவது, ஒன்றோ, ஒன்றுக்கு மேற்பட்டோ, ஆனால் ஒன்றுக்குக் குறையாமல்."

இதில் எரிச்சலூட்டும் விஷயம், அவர் சொன்னது சரி. அந்த ஒரு சொல்லுக்காக அவர் பெயர் மூன்றாவதாகச் சேர்ந்தது. அடுத்த கூட்டத்திலும் சொன்னார், சேர்ந்தது. குறைந்தபட்சம் ஒரு டயோடு, குறைந்தபட்சம் ஒரு மின்முனை, குறைந்தபட்சம் ஒரு துளை. காலப்போக்கில் மற்றவர்கள் அந்தச் சொல்லை முதலிலேயே எழுதிக்கொண்டு வந்தார்கள், இவர் வாயைத் திறக்கக் கூடாது என்பதற்காக. அப்போது இவர், "'குறைந்தபட்சம்' எங்கே வரணும்கிறதுல எனக்கு ஒரு கருத்து இருக்கு" என்று ஆரம்பித்தார். கூட்டம் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டும். பசித்தவர்கள் பெயரைச் சேர்த்துவிட்டு எழுந்து போவார்கள்.

வெள்ளைப் பலகையில் வரைந்த அந்த இளைஞன் பின்னாளில் துறைத்தலைவர் ஆனார். பழைய மரியாதையில் இவரை 'சார்' என்றே கூப்பிட்டார். பழைய அனுபவத்தில் இவர் இருக்கும் அறைக்குக் காபி கொண்டு வரச் சொல்லவே மாட்டார், கூட்டம் நீளும் என்று.

இவரை வெறுத்தார்களா என்றால் இல்லை. வெறுக்கப்படுவதற்கும் ஒரு கனம் வேண்டும்.

இந்த மனிதரைத்தான் நிறுவனம் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ரகசியம் காப்பதைப் பற்றி வகுப்பெடுக்க வைத்தது. 'வாய்ப்பூட்டு வகுப்பு' என்று அதற்குப் பெயர். ஒரு கண்டுபிடிப்புக்கு விண்ணப்பம் போடும் முன்னே அது எப்படியாவது வெளியே தெரிந்துவிட்டால் பிறகு அது புதியது இல்லை, காப்புரிமை கிடையாது. வெளியே விட்டவர் கண்டுபிடித்தவரே ஆனாலும் கிடையாது. சில தேசங்களில் இதற்குக் கொஞ்சம் அவகாசம் தருவார்களாம். இங்கே அந்தச் சலுகை இல்லை. இதையெல்லாம் இவர் மேடையில் நின்று, விரலை உயர்த்திச் சொல்வார்.

"உங்க கண்டுபிடிப்புக்கு முதல் எதிரி போட்டிக் கம்பெனி இல்லை. உங்க வாய். அதாவது, உங்க வாய்தான்."

வகுப்பு கைதட்டும். வாயை மூடுவதைப் பற்றி அவ்வளவு நேரம் பேசக்கூடியவர் வேறு யார் இருக்கிறார்கள்?

ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தபோது அவருக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, புறங்கையில் ஊசி ஏற்றி, டிரிப்ஸ் போட்டார்கள். சொட்டு எண்ணி மருந்தை ஏற்றுகிற மெஷின் ஒன்று பக்கத்தில் பச்சை விளக்கோடு நின்றது. அதற்குள்ளே தன் நிறுவனத்துச் சிப் இருக்கக்கூடும் என்று மனைவியிடம் விளக்கிக்கொண்டிருந்தார். மனைவி அதைக் காதில் வாங்காமல் அவர் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

"டிரிப்ஸ் ஏறுதில்ல. அதாவது, திரவத்தோட வெப்பநிலை உடம்போட வெப்பநிலையைவிட..."

"அது எனக்கும் தெரியும். ஊசி இருக்கிற இடம் மட்டும்தான் சில்லுன்னு இருக்கு. நாலு விரல் தள்ளி வெதுவெதுன்னு இருக்கே. வீங்கியிருக்கு வேற."

நர்ஸ் வந்தார். பார்த்த பார்வையிலேயே மெஷினை நிறுத்தினார். "நரம்பு விட்டிருச்சு. மருந்தெல்லாம் தோலுக்கு அடியில போயிருக்கு. இது பாட்டுக்கு ஏத்திக்கிட்டே இருக்கு. இதுக்கென்ன தெரியும், பச்சை விளக்குதான் எரியுது."

நம்மவர் பேசவில்லை. வலி என்று நினைத்து மனைவி பயந்துபோனார். வலி இல்லை. அவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது. பழக்கமில்லாத விருந்தாளி என்பதால் அதை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்.

டயோடு என்பது சிப்புக்குள் இருக்கிற மிகச் சாதாரணமான உறுப்பு. அதற்கு ஒரு குணம் உண்டு: சூடானால் அதன் மின்னழுத்தம் இறங்கும், குளிர்ந்தால் ஏறும். படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊசி நழுவினால் கை சில்லிடும் என்பதும் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்த இரண்டு தெரிந்ததையும் ஒரு பட்டையில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்ட வேண்டும் என்பது அந்தப் படுக்கையில் அவருக்குத் தோன்றியது. வேறு யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. இத்தனை காலம் அடுத்தவர் யோசனையில் திண்ணையளவு கூட இடம் கேட்காமல் நுழைந்து குடித்தனம் நடத்தியவர், சொந்தமாக ஒரு குடிசை போட்டுவிட்டார். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

"நான்தானே சொன்னேன் சில்லுன்னு இருக்குன்னு?" என்றார் மனைவி, வீட்டுக்கு வந்த பிறகு.

"நீ சொன்னது கவனிப்பு. அதாவது, கண்டுபிடிப்பு வேற, கவனிப்பு வேற."

"சரி. குறைந்தபட்சம் ஒரு நன்றியாவது சொல்லலாம்."

அவர் சொல்லவில்லை. சொன்னால் பெயரைச் சேர்க்கச் சொல்வாளோ என்று பயம். இந்த முறை ஒரு பெயர்தான் என்று முடிவு செய்திருந்தார். நிறுவனத்தின் வாசல் கூடத்தில் ஒரு கண்ணாடிச் சுவர் உண்டு. தனியொருவராகக் காப்புரிமை வாங்கியவர்களின் பெயரை மட்டும் அதில் செதுக்குவார்கள். தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் அவர் உள்ளே போக வேண்டும். தாண்டும்போது கண்ணாடியில் தெரிவது அவர் முகம், பெயர் இல்லை. ஓய்வு பெறும் முன் அங்கே பெயர் வர வேண்டும். இதற்காக வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு காரியம் செய்தார்: கூட்டம் போடாமல் இருந்தார். போட்டால் எவனாவது மூலையிலிருந்து "குறைந்தபட்சம் ரெண்டு டயோடு" என்று சொல்லிவிடுவான் என்று அவருக்குத் தெரியும். அந்தச் சொல்லை அவரே எழுதிக்கொண்டார்.

நிறுவனத்தின் காப்புரிமை வக்கீல் ஒரு பெண். கோபப்படாமல் பேசுவார், அதனால் எல்லோருக்கும் அவரிடம் பயம். வரைவை வாங்கிப் படித்துவிட்டு, "நல்லா இருக்கு சார்" என்றார், கொஞ்சம் ஆச்சரியத்தோடு. "இதுக்கு முன்னாடி வேற வேலை வரிசையில் நிக்குது. அடுத்த மாசம் விண்ணப்பம் போட்டுடலாம். அதுவரைக்கும் யார்கிட்டயும்..."

"எங்கிட்டயா சொல்றீங்க?" என்றார் வாய்ப்பூட்டு வகுப்பின் ஆசிரியர்.

அந்த ஒரு மாதத்துக்குள்தான் மேல்வீட்டு டீச்சர் வந்தார். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றும் திருத்துவதிலிருந்து ஓய்வு பெறாதவர். அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒரு செய்திமடல் நடத்திக்கொண்டிருந்தார். தண்ணீர்த் தொட்டி கழுவும் நாள், லிப்ட் பழுது, யார் நாய் யார் வாசலில் போனது என்பதெல்லாம் அதில் வரும். ஒரு பக்கம் காலியாக இருக்கிறது, உங்களைப் பற்றி நீங்களே எழுதுங்கள் என்றார்.

உங்களைப் பற்றி நீங்களே. பூட்டுக்குச் சாவி இப்படித்தான் இருக்கும்.

'நாளைய மருத்துவத்தில் நான்' என்று ஒரு கட்டுரை எழுதினார். செய்திமடலை யார் படிக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. அவர் வீட்டிலேயே அது செருப்பு அலமாரியின் தட்டுக்கு விரிப்பாகத்தான் இருந்தது. நாலு பேர் படித்தால்தானே வெளியீடு? சட்டம் அப்படிக் கேட்பதில்லை. யாராவது படித்தார்களா என்று அது கேட்காது; படிக்க நினைத்தால் கிடைத்திருக்குமா என்றுதான் கேட்கும். இதையும் அவர் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

மறுநாள் டீச்சர் தாளோடு கீழே இறங்கி வந்தார்.

"முழுசாப் படிச்சேன். ஒரு மண்ணும் புரியலை."

"கொஞ்சம் டெக்னிகல், டீச்சர்."

"இருக்கட்டும். 'வெப்பச் சாய்வின் அடிப்படையிலான உட்செலுத்துகைப் பிறழ்வு உணர்தல்'னா என்ன? கையில ஊசி குத்தறதா, காலில குத்தறதா?"

"கையில. அதாவது..."

"ஆங், அந்த 'அதாவது'க்கு அப்புறம் ஒரே ஒரு வரி. எனக்குப் புரியிற மாதிரி. எழுதித் தர்றீங்களா, இல்லை இந்த இடத்துல பார்க்கிங் தகராறைப் போடட்டுமா?"

டீச்சரின் சிவப்புப் பேனாவை வாங்கி, வாசற்கதவில் தாளை வைத்து, நின்றபடியே எழுதினார். நேரம் இல்லாததால் கெடுக்க முடியவில்லை. வரி இப்படி வந்தது:

'அதாவது, ஊசி நரம்பை விட்டு நழுவினால் மருந்து தோலுக்கடியில் தேங்கி அந்த இடம் சில்லிடும். ஊசிக்குப் பக்கத்தில் ஒரு டயோடும் நாலு விரல் தள்ளி ஒரு டயோடும் ஒட்டிவைத்து, பக்கத்தில் இருப்பது மட்டும் குளிர்ந்தால் மெஷினை நிறுத்தச் சொன்னால் போதும்.'

டீச்சர் படித்தார். இன்னொரு முறை படித்தார். ஓரத்தில் ஒரு சரி போட்டார், பழக்கதோஷம். செய்திமடல் அச்சாகி எல்லா வீட்டுச் செருப்புகளுக்கும் அடியில் போனது. சங்கச் செயலாளர் அதைத் தேதியோடு இணையத்திலும் ஏற்றினார், அவருக்கும் பொழுது போக வேண்டுமே. அடுத்த வாரம் வக்கீல் விண்ணப்பம் போட்டார்.

பல மாதம் கழித்துக் காப்புரிமை அலுவலகத்திலிருந்து பரிசோதகரின் அறிக்கை வந்தது. வக்கீல் கூப்பிட்டார். மேஜையில் ஒரு தாள் கவிழ்த்து வைத்திருந்தது.

"உட்காருங்க சார். சேதி நல்லா இல்லை. இந்தக் கண்டுபிடிப்பை நமக்கு முன்னாடியே ஒருத்தர் வெளியிட்டிருக்கார்."

அவர் முகம் சிவந்தது. "எவன்? எந்தக் கம்பெனிக்காரன்? எனக்குத் தெரியும், யாரோ உள்ளேயிருந்து சொல்லியிருக்கான். அதாவது, இது திருட்டு. முகத்தைப் பார்க்காம விட மாட்டேன்."

வக்கீல் தாளைத் திருப்பினார். டை கட்டிய போட்டோவில், லேசாகச் சிரித்தபடி, அவர் முகம். மேலே தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பு. கீழே கட்டுரை.

வக்கீல் தண்ணீர் தம்ளரை நகர்த்தி வைத்தார். "பயப்படாதீங்க. நான் கட்டுரை முழுக்கப் படிச்சேன். அதிர்ஷ்டவசமா இது சுத்த உளறல்."

"உளறலா?"

"நமக்கு அதுதான் சார் நல்லது. வெளியான எழுத்தைப் படிச்சு, துறை தெரிஞ்ச ஒருத்தர் அதை வெச்சே பொருளைச் செய்ய முடியணும். முடிஞ்சாதான் நம்ம விண்ணப்பம் செத்துச்சுன்னு அர்த்தம். இதைப் படிச்சு யாரும் ஒரு குண்டூசி கூடச் செய்ய முடியாது. ஒரே ஒரு வரிதான் உதைக்குது." அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார். "இதுக்கும் அர்த்தம் இல்லைன்னு காட்டிட்டா தப்பிச்சோம். துறைத்தலைவர்கிட்ட ஒரு உறுதிமொழி வாங்கிடலாம். முக்கியமா உங்க உறுதிமொழி வேணும். இதை எழுதினப்ப எனக்கே தெளிவு இல்லை, இது வெறும் பேச்சு, படிக்கிறவங்களுக்கு இதிலேர்ந்து எதுவும் புரியாதுன்னு."

பொய்யா என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். "சரி, பார்க்கலாம்" என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கண்ணாடிச் சுவரும் உளறல் பட்டமும் தராசின் இரண்டு தட்டில் இருந்தன. மனைவிக்குச் சந்தேகமே இல்லை.

"புரியலைன்னுதானே எழுதணும்? நானே எழுதித் தர்றேனே. கல்யாணத்திலேர்ந்து நீங்க பேசின எல்லாத்துக்கும் சேர்த்து எழுதித் தர்றேன்."

டீச்சரிடம் போனார். டீச்சர் எழுந்தே நின்றுவிட்டார்.

"எனக்கு ஏன் புரியலைன்னு சொல்லணும்? ஊசி நழுவினா சில்லிடும், சில்லிட்டா நிறுத்தணும். உங்க கட்டுரையிலேயே அந்த ஒரு வரிதான் மனுஷ பாஷை. அதுக்குச் சரி போட்டிருக்கேன். நான் போட்ட சரியை நானே தப்புன்னு சொன்னதில்லை."

துறைத்தலைவரிடம் போனார். துறைத்தலைவர் வரியைப் படித்தார், நாற்காலியில் சாய்ந்தார்.

"சார், இது அருமை."

"எது?"

"இந்த வரி. இதை மட்டும் கொடுத்திருந்தா நானே ஒரு வாரத்துல செஞ்சு காட்டியிருப்பேன். நீங்க இப்படி எழுதுவீங்கன்னு தெரியாமப் போச்சே."

"இன்னொரு தரம் சொல்லுங்க."

"இதை வெச்சே செஞ்சிருப்பேன்." பிறகுதான் துறைத்தலைவருக்கு நினைவு வந்தது. "ஐயோ, வக்கீலம்மா சொன்னாங்க. புரியலைன்னு எழுதணும், இல்லையா? கொடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன். சாருக்காக இது கூடச் செய்ய மாட்டேனா? சார் எழுதினது எதுவும் எங்களுக்குப் புரிஞ்சதே இல்லைன்னு சேர்த்துக்கட்டுமா?"

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இவர் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நின்றார். அதில் தன் முகத்தைப் பார்த்து, உதடு அசைய, அந்த வரியை ஒரு தடவை சொல்லிக்கொண்டார் என்று வாசல் காவலாளி பிற்பாடு சொன்னார்.

உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டிய நாள். வக்கீல் தயாராக வைத்திருந்தார். 'மேற்படி வாக்கியம் தெளிவற்றது. எழுதியவருக்கே அதன் பொருள் தெளிவாக இருந்திருக்கவில்லை.' இவர் பேனாவைத் திறந்தார், மூடினார்.

"'தெளிவற்றது'ங்கிறது கொஞ்சம் அதிகமில்லையா?"

"அதுதான் சார் நமக்கு வேணும்."

"முழுக்கத் தெளிவற்றதுன்னு சொல்ல முடியாதே. குறைந்தபட்சம் ஓரளவு..."

"சார்." வக்கீல் கோபப்படாமல் சொன்னார். "இது தெளிவா இருந்தா உங்களுக்குக் காப்புரிமை இல்லை. நம்ம விண்ணப்பத்தை மறந்துட்டு இந்த வரியை மட்டும் படிச்சா எனக்கு ஒண்ணும் புரியலை. நாலு விரல் தள்ளி எதுக்கு இன்னொரு டயோடு? ஒண்ணு போதாதா? அப்படியே கையெழுத்துப் போடுங்க."

இந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கக் கூடாது. அதுவும், இவரைத் தெரிந்திருந்தும் கேட்டிருக்கக் கூடாது.

"ஒண்ணு எப்படிம்மா போதும்?" என்றார் இவர். "அறையில ஏசி போட்டாலும் கை குளிரும், ஜுரம் இறங்கினாலும் குளிரும். ஒண்ணை மட்டும் வெச்சா அது ஊசியால குளிர்ந்ததா, ஊரே குளிர்ந்ததான்னு தெரியாது. ரெண்டு வெச்சா? ரெண்டும் குளிர்ந்தா அறை. ஒண்ணு மட்டும் குளிர்ந்தா ஊசி." மேஜையிலிருந்த காபிக் கோப்பையையும் தண்ணீர் தம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் இழுத்தார். வக்கீலின் கையைப் பிடித்து இரண்டின் மேலும் ஒவ்வொரு விரலை வைத்தார். "இப்ப கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க. எது சில்லுன்னு இருக்கு?"

வக்கீல் கண்ணை மூடவில்லை. விரலையும் எடுக்கவில்லை.

"புரிஞ்சிடுச்சு சார்," என்றார். "துரதிர்ஷ்டவசமா ரொம்ப நல்லாப் புரிஞ்சிடுச்சு."

"அந்த வரியில இதெல்லாம் இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்ப எப்படி உளறல்னு கையெழுத்துப் போடறது?"

வாதத்தில் ஜெயித்தார். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஒருவருக்கு ஒன்றைப் புரியவைத்தார், அதுவும் புரியவைக்கவே கூடாத ஆளுக்கு. இதை வைத்து அவரை நேர்மையானவர் என்று எண்ணி யாரும் எழுந்து நின்றுவிட வேண்டாம். புரியாத எத்தனையோ காகிதங்களில் கண்டுபிடிப்பாளர் என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர் அவர். பொய் சொல்ல அவருக்குத் தயக்கம் இல்லை. தன்னைத் தாழ்த்தும் பொய் என்பதுதான் தொண்டையில் நின்றது. கர்வம் சில சமயம் நேர்மையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். அளவு கூடச் சரியாக இருக்கும்.

உறுதிமொழி போகவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கண்ணாடிச் சுவரில் புதிய பெயர் ஏறாமலே அவர் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் துறைத்தலைவர், "சார் இல்லாத கூட்டங்களை எங்களால் கற்பனை செய்யவே முடியவில்லை" என்று பேசினார். உண்மையில் எல்லோரும் அதைத்தான் கற்பனை செய்துகொண்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகிவிட்டதால் நிறுவனம் அந்தப் பட்டையைச் செய்யவில்லை. வேறெங்கோ ஒரு சின்னக் கம்பெனி செய்து விற்கிறதாம். அதன் அட்டையில் யார் பெயரும் இல்லை, மூலையில் எறும்பு அளவுக்குக் கூட.

நிராகரிப்பு உத்தரவை வக்கீல் அவருக்கு அனுப்பிவைத்தார். சம்பிரதாயத்துக்கு ஒரு தடவை பார்த்துவிட்டுத் தூக்கிப் போட வேண்டிய காகிதம். அவர் நடுப்பக்கத்தில் நின்றுவிட்டார். 'இக்கண்டுபிடிப்பு, விண்ணப்பத் தேதிக்கு முன்னரே,' என்று தொடங்கி, அவர் பெயரைச் சொல்லி, 'அவர் ஒருவராலேயே, முழுமையாகவும் தெளிவாகவும் வெளிப்படுத்தப்பட்டுள்ளது' என்று முடிந்திருந்தது. அதிகார முத்திரையோடு. பக்கத்தில் வேறு பெயர் இல்லை. முன்னாலும் இல்லை.

அந்த உத்தரவைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். சுவரின் நடுவில் இடம் வேண்டும் என்பதற்காகப் பலகைகள் சிலவற்றைக் கழற்றினார். கடிகாரத்தோடு ஓடி வந்த மனைவியிடம், கழற்றியதை அந்தப் பக்கம் மாட்ட இடம் வேண்டும் என்றார்.

இப்போதும் வருகிறவர்கள் நடுவில் இருப்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

"இது எதுக்குக் கிடைச்ச காப்புரிமை சார்?"

"இது கிடைக்காதது."

"அதாவது?" என்று கேட்டார் ஒருவர், குழாய் சரிசெய்ய வந்தவர், அவசரத்தில் இருந்தவர்.

அவர் அந்த வரியைச் சொன்னார். ஊசி, சில்லிடுவது, இரண்டு டயோடு, நிறுத்துவது. ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. வந்தவர் தன் புறங்கையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, "அட, நல்லாருக்கே!" என்றார்.

அங்கே நிறுத்தியிருக்கலாம்.

"அதாவது," என்று ஆரம்பித்தார். வந்தவர் பையைக் கீழே வைத்தார். மனைவி எழுந்து மணி பார்க்க அடுப்படிக்குப் போனார்.